சித்தப்பா மாட்டிய நீல பல்பு

அந்தப் பவளம் என்னுடையது. வீட்டில் யாரும் இதை ஒத்துக்கொண்டதில்லை. இன்றுவரை இல்லை.

அப்பாவுக்குத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகு வேலை. ஒருநாள் வலையில் ஒரு கல் ஏறி வந்தது. அதன் மேல் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக ஒரு பவளம், உயிரோடு. எனக்குக் கொடுத்தார். மொட்டை மாடியில் பழைய ஐஸ் பெட்டியில் கடல் தண்ணீர் ஊற்றி வைத்தேன். தினமும் அப்பா கேனில் புதுத் தண்ணீர் கொண்டுவருவார். காலை வெயில் பட்டால் பவளம் பொடிப்பொடியாக விரல் நீட்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன்.

அப்போது சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். குடும்பமே பாரிசில். அந்த அக்காவைக் கட்டினால் சித்தப்பாவும் போய்விடலாம். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு வரன் கிடையாது. அந்த அக்கா அங்கே கடல் தண்ணீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறாள் என்று தரகர் சொன்னார்.

மறுநாளே சித்தப்பா கண்ணாடித் தொட்டி வாங்கக் கிளம்பினார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து தொட்டியைப் பிடித்துக்கொள்ள நான். கடைக்காரர் தெளிவாகவே சொன்னார்.

“பவளத்துக்கு வெளிச்சம்தான் சோறு தம்பி. தண்ணிக்குக் கிட்டக்க நல்ல பவரா ரெண்டு டியூபு போடு. வெள்ள ஒண்ணு, நீலம் ஒண்ணு. பகல் பூரா எரியணும்.”

“ரெண்டு டியூபா? மளிகைக் கடையாட்டம் இருக்கும்ணே. நீலத்துல சின்னதா ஒரு பல்பு குடு, போதும்.”

“அது அலங்காரத்துக்கு. பவளத்துக்குப் பத்தாது.”

“அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

பார்த்துக்கொண்டார். என்னைக் கேட்காமல் என் பவளத்தை எடுத்துத் தொட்டியில் வைத்தார். நீலம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னலை அடைத்தார். யாராவது வந்தால் பல்பு எரியும். போனால் அணையும். நான் ஜன்னலைத் திறப்பேன். அவர் மூடுவார். மூடிவிட்டு என் காதைத் திருகுவார்.

“பாசி புடிக்குது இல்ல? திரும்பத் தொறந்த, கைய ஒடச்சிடுவேன்.”

“கடைக்காரரு சொன்னாரு இல்ல சித்தப்பா?”

“அவன் டியூபு விக்கப் பாக்கறான். நீ போய்ப் படிடி, பெரிய கலெக்டரு.”

அம்மாவிடம் சொன்னேன். கல்யாணம் முடியட்டும் என்றாள். அப்பா தண்ணீர் மட்டும் கொண்டுவந்து ஊற்றினார்.

பவளம் விரல் நீட்டுவதை நிறுத்தியது. ஓரத்தில் வெளுத்தது. பிறகு முழுக்க வெள்ளை. வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். கேமரா வைத்த செல்போன் அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தது. சித்தப்பா ஒன்றை இரவல் வாங்கிப் படம் எடுத்தார்.

“அழுக்கெல்லாம் போயி சுத்தமாயிடுச்சு பாரு. பீச்சுல சங்குக் கடையில விக்கிற பவளமாட்டம்.”

கடையில் விற்பது செத்தது. கடலுக்குப் போகிற வீட்டில் அது தெரியாமல் இல்லை. சொல்லத்தான் ஆள் இல்லை.

லீவுக்கு ஊர் வந்த பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அந்த அக்காவும் வந்தாள். பட்டப்பகலில் ஜன்னலை மூடி நீல பல்பைப் போட்டார் சித்தப்பா. எல்லோரும் ஆகா என்றார்கள். அந்த அக்கா மட்டும் தரையில் முட்டி போட்டுக் கிட்டத்தில் பார்த்தாள்.

“இது முன்னாடி என்ன கலர்?”

“அழுக்குக் கலருங்க. இப்பதான் வெளுத்துச்சு.”

“லைட் எவ்ளோ நேரம் போடுவீங்க?”

“ஆளு வந்தா போடுவோம்,” என்றார் சித்தப்பா.

“ஆள் இல்லன்னா?”

“அப்ப யாரு பாக்கப் போறாங்க?” அவரே சிரித்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “மத்த நேரமெல்லாம் இருட்டுதான். அது செத்துடுச்சு,” என்று கத்தினேன்.

சித்தப்பா என் காதைப் பிடித்தார். சிரிப்பு மாறாமல்தான் பிடித்தார். “சின்னப் புள்ள, ஒளறுது.” உயிர் போனது எனக்கு. அந்த அக்கா என் காதைப் பார்த்தாள். அவர் விரலைப் பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் தரகர் வந்தார். பெண்ணுக்கு இஷ்டமில்லையாம்.

“ஒரு கல்லுக்காகக் குடியக் கெடுத்துட்டியேடி,” என்று அம்மா என்னை அடித்தாள். சித்தப்பா பவளத்தை எடுத்துத் தெருவில் வீசினார்.

எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம். அந்த அக்கா மேல்தான் அதிகம். ஒரு பவளம் செத்ததற்கு இப்படியா எழுந்து போவாள்? பாரிசில் அவளுக்கு வேறு பவளம் இருக்கும். எனக்கு இருந்தது ஒன்று. அடியும் எனக்குத்தான்.

அவள் கேட்டதெல்லாம் பவளத்தைப் பற்றித்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.