கச்சிமுகம்மது காக்கா கேட்காத கேள்வி

கச்சிமுகம்மது காக்கா ஒரு கெட்ட சொல் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஆசுபத்திரியின் தீவிர சிகிச்சை வார்டில் அவர் அட்டென்டன்; நான் கூட்டித் துடைக்கிறவள். சீனி ஆலையில் வேலை செய்த காலத்தில் சிங்களம் பிடித்துக்கொண்டவர். அதனால் தமிழ் தெரியாத விக்கிரமரத்ன டொக்டர் நோயாளியின் வீட்டாரிடம் எதைக் கேட்பதென்றாலும் காக்காவை வைத்துத்தான் கேட்பார். மனுசனுக்குப் பெருமை தாங்காது.

எண்பத்தாறு மாரியில் மூளைக்காய்ச்சல் வந்தது. வயலுக்குப் போன ஆம்பிளைகள் பிதற்றி, வலிப்பு வந்து, நினைவில்லாமல் வந்து விழுந்தார்கள். டொக்டர் அவர்களின் முதுகில் ஊசி குத்தி நீரெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். புது நோய் ஏதும் நுழைகிறதா என்று பார்க்கிறாராம். எல்லா வீட்டாரிடமும் ஒரே கேள்விகள்தான்: எங்கே படுத்தார், நுளம்பு வலை உண்டா, பக்கத்தில் ‘ஊரா’ உண்டா?

ஊரா என்றால் சிங்களத்தில் பன்றி. அவ்வளவு எனக்கும் தெரியும். காக்காவோ, “ஆடு மாடு ஏதும் நிக்கிதா?” என்று கேட்பார். டொக்டரிடம் திரும்பி, பன்றி இல்லை என்று சொல்லிவிடுவார்.

“என்ன காக்கா, அவர் கேட்டது அதில்லையே?”

“உனக்கு விசரா சுஹறா? புருசன் மவுத்தாகக் கிடக்கக்குள்ள, கலிமா சொல்லி அழுதுக்கிட்டு நிக்கிற பொம்பிளைட்ட அந்த ஹறாமான சாமானப் பத்தியா கேக்கிற? மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் என்ன புள்ள முடிச்சு?”

முடிச்சு எனக்கும் விளங்கவில்லை. டொக்டருக்கு எங்களைவிடக் குழப்பம். கொழும்பிலிருந்து வந்த பதிலும் தெளிவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு இங்கிலீசில் முணுமுணுத்துத் திரிந்தார். ஜின்னின் வேலை என்று வாசலில் நின்றவர்கள் கதைத்தார்கள். எதை நம்புவது?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு, காக்காவின் தம்பி பளீலைத் தூக்கி வந்தார்கள். உடம்பு நெருப்பு. பின்னால் அவர்களுடைய உம்மா, சல்மா உம்மா, தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தா.

டொக்டர் காக்காவின் தோளைப் பிடித்துச் சிங்களத்தில் சொன்னார்; என்னவென்று காக்கா எனக்குப் பிறகுதான் சொன்னார். “வடிவாகக் கேள். ஒருவருமே பன்றி இல்லை என்கிறார்கள், என்னால் நம்ப முடியவில்லை. பன்றியைக் கடித்த நுளம்பு மனிதரைக் கடித்தால் இப்படிக் காய்ச்சல் வரும். வந்தால் மருந்தில்லை. பன்றி திரியும் வயல்களில் படுக்கிறவர்களை எழுப்பி அனுப்பத்தான் இவ்வளவு கேட்கிறேன்.”

காக்காவுக்கு வேர்த்து ஊற்றியது. பாவம், பார்க்கச் சகிக்கவில்லை.

“உம்மா... கோவிச்சுக்காதீங்க... வயலுக்குள்ள... பண்டி...”

“பண்டியா? இதென்ன கேள்வி மகன்! கும்பல் கும்பலா வருகிது. அதுகள விரட்டத்தானே தம்பி காவலுக்குப் போன. முதல் வந்து கிடந்த ஆக்களும் அந்தக் காவல்காரங்கதானே. அவங்கட ஊட்டாக்கள்ட்ட நீ கேக்கல்லயா?”

“கேக்கல்ல உம்மா.”

டொக்டர், “என்ன சொல்கிறார்?” என்றார். காக்கா பளீலின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். காவல்காரர்களை எழுப்பி அனுப்ப வயல்களுக்கு ஆள் போனது அன்று பின்நேரம், அஸர் தொழுகைக்குப் பிறகுதான். பளீல் கண் திறக்கவேயில்லை.