ஹெப்சி அடுக்கிய டைரக்டரிகள்

எங்களோடு வேலை பார்த்த செல்லத்துரை பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தபோது நான் சென்னையில் எங்கள் தெருமுனைக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, ஹெப்சி அக்கா போயிட்டாவ" என்றான். "எங்க போயிட்டா?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். அவன் அழுத பிறகுதான் விஷயம் மண்டையில் இறங்கியது. தராசில் இருந்ததை என்ன செய்ய என்று கடைக்காரர் கேட்டார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஹெப்சிபாவோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவளிடம் வேலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவளைப் பிற்காலத்தில்தான் தெரியும். எனக்குத் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. அங்கே டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திவந்த அண்ணாச்சி, காலத்தோடு ஒட்டிப் போகவேண்டும் என்று பின்னறையில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். ஒன்றில் ஹெப்சி, இன்னொன்றில் நான். முன்னறையில் டைப்ரைட்டர்கள் தடதடக்கும். பின்னறையில் நாங்கள் ஊரிலிருந்த ஓர் ஆஸ்பத்திரிக்காக, மருந்து இருப்பைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராம் எழுதிக்கொண்டிருப்போம். அவள் வாத்தியார் வீட்டுப் பெண், திருச்சபையில் பாடுகிறவள். நான் சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து படித்து, பாளையங்கோட்டையிலேயே வாழ்க்கைப்பட்டவள். வயது எங்களுக்கு ஒன்றுதான். எனக்கு வாய் நீளம், அவளுக்குப் பொறுமை நீளம்.

இன்று ஃபோல்டர் என்பதை அன்று டைரக்டரி என்போம். எங்கள் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஆளுக்கொரு டைரக்டரி, அவரவர் பேரில். அவள் எழுதியது அவள் பேரில் கிடக்கும், நான் எழுதியது என் பேரில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஃப்ளாப்பியில் போட்டு எடுத்துப் போவோம். யாரும் சொல்லிக்கொடுத்து அப்படிச் செய்யவில்லை. வீட்டில் ஆளுக்கொரு டம்ளர் இருப்பதுபோல அது தானாக வந்த வழக்கம்.

அந்த வழக்கம் ஒருநாள் எங்கள் மானத்தை வாங்கியது. ஒரே ஃபைலில் அவள் அலமாரி எண்ணைச் சரிசெய்திருந்தாள், நான் காலாவதித் தேதியைச் சரிசெய்திருந்தேன். ஃப்ளாப்பியில் ஏற்றும்போது என்னுடையது அவளுடையதன்மேல் உட்கார்ந்து, அவள் சரிசெய்தது அழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டால், தேதி சரியாக வருகிறது, மருந்து எந்த அலமாரியில் என்பது குழம்பிக் கிடக்கிறது. மருந்தறையைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் இடுப்பில் கைவைத்து நின்றார். "நேத்து நல்லாத்தான இருந்துச்சு? இன்னைக்கு எதுக்கு வந்து கெடுத்துட்டுப் போறிய?" என்றார். திரும்பி நடந்து வரும்போது யார் மேல் தப்பு என்று நான் வாதாட ஆரம்பித்தேன். ஹெப்சி குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "ரெண்டு பேரும் சரியாத்தான்ட்டி செஞ்சிருக்கோம். வச்ச இடம்தான் சரியில்ல" என்றாள்.

மறுநாள் நான் போனபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எல்லா ஃபைலையும் அச்செடுத்து, அறை முழுக்கப் பரப்பியிருந்தாள். சித்திரை வெயில், தகரக் கூரை, மின்விசிறியையும் நிறுத்திவைத்திருந்தாள். காகிதம் பறந்துவிடுமாம். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டச் சொட்ட, ஒவ்வொரு காகிதக் கட்டையும் தூக்கிக் காட்டி, "இத யாரு வந்து தேடுவா? எப்பம் தேடுவா?" என்று என்னைக் கேட்டாள். யார் எழுதியது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பாதியில் அண்ணாச்சி உள்ளே வந்தார். "என்னம்மா இது, இந்தப் புழுக்கத்துல" என்று அன்போடு விசிறியைப் போட்டார். அன்று காலை முழுக்க அடுக்கியதெல்லாம் பறந்து ஒன்றாகக் கலந்தது. நான் அண்ணாச்சியை வைதேன். ஹெப்சி சிரித்துச் சிரித்து அங்கேயே படுத்துவிட்டாள். இரண்டாவது முறை அடுக்கியது முதல் முறையைவிட நன்றாக வந்தது என்று பிறகு சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த அடுக்கு எப்படி என்று கேட்டால், மருந்து போகிற வழி. மருந்து வந்து இறங்குவது முதலில், அலமாரிக்குப் போவது அடுத்து, அங்கிருந்து வார்டுக்கு, வார்டில் மிஞ்சியது திரும்பி வருவது கடைசியில். நாங்கள் புரோகிராம் எழுதுகிற சாஃப்ட்வேரை எடிட்டர் என்போம், அது ஃபைல் பேர்களை அகர வரிசையில்தான் காட்டும். அதனால் ஒவ்வொரு பேருக்கும் முன்னால் ஓர் எண்ணை வைத்தாள். எடிட்டரில் புரோகிராமைத் திறந்தால் ஃபைல்கள் மருந்தின் பின்னாலேயே நடந்து போகிற மாதிரி நிற்கும். அந்தக் காலத்தில் பேருக்கு எட்டு இங்கிலீஷ் எழுத்துதான் இடம். "எம்பேரே இதுக்குள்ள அடங்காது, நான் மருந்து பேரை அடக்குதேன்" என்பாள். ஒரே பேரில் இரண்டு ஃபைல் எங்கேயும் இருக்கக்கூடாது என்பது சட்டம். பழையதைப் போட்டுவைக்க ஒரு டைரக்டரி வேண்டும் என்று நான் மன்றாடினேன். "பழசுக்குன்னு ஒரு இடம் போட்டா எல்லாம் அங்கன போயி அடஞ்சுக்கிடும்" என்று மறுத்துவிட்டாள்.

அதற்குள் நான் முழுகாமல் இருந்தேன். தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்குப் போகவேண்டும். எங்கள் தெருவில் அப்படிப் போய்விட்டு வேலைக்குத் திரும்பியவள் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான். அவரே, "அங்க உனக்கு இடம் வச்சிருப்பாவன்னு நெனைக்கியா?" என்று கேட்டார். எனக்கு அந்த இடம் வேண்டும். என் வாழ்க்கையில் நானாக ஆசைப்பட்டு எனக்கென்று அமைந்தது அந்த நாற்காலி ஒன்றுதான். யாரிடமும் இதைச் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

கடைசி நாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். புது அடுக்கு வந்த பிறகும் நான் விடாமல் வைத்திருந்த, என் பேர் போட்ட டைரக்டரியைக் காணோம்.

"ஹெப்சி, என் டைரக்டரி எங்க?"

"எடுத்துட்டேன். உள்ள இருந்ததெல்லாம் அதது இடத்துல இருக்கு."

"அப்பம் நான் இங்க இல்லையா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ இல்லாத அன்னைக்கும் ஆஸ்பத்திரில மருந்து குடுக்கணும்லா" என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், பிள்ளைத்தாய்ச்சி அழக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு என்ன தெரியும், நான் ஒரு டைரக்டரிக்காக அழுகிறேன் என்று.

குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் ஹெப்சி சீவலப்பேரிக்கு வந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிள்ளை யார் சாடை என்று பேசினார்கள், பால் போதுகிறதா என்று கேட்டார்கள். இவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "எப்பம் வேலைக்கு வாறே?" என்றாள். என் அம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எனக்கு அங்கன என்ன இருக்கு?" என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "வந்து பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

போனேன். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, மாடியேறினேன். என் நாற்காலியில் களக்காட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவர்தான் செல்லத்துரை, அப்போதுதான் மீசை முளைத்தவன் மாதிரி இருப்பான், அதனால் சீக்கிரமே 'அவன்' ஆகிவிட்டான். அண்ணாச்சி என்னை முன்னறையிலேயே நிறுத்தினார். "இத்தன மாசமாச்சு, எல்லாம் மறந்திருக்கும்மா. நீ பைய டைப்ரைட்டிங் கிளாஸைப் பாத்துக்கிடு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

உள்ளேயிருந்து ஹெப்சி எழுந்து வந்தாள். "அண்ணாச்சி, ஆஸ்பத்திரிலேருந்து ஒரு குறை சொல்லியிருக்காவ. அத இவ பாக்கட்டும். முடியலன்னா கிளாஸுக்குப் போட்டும்" என்றாள். செல்லத்துரையை எழுப்பி என்னை உட்கார வைத்தாள்.

வார்டிலிருந்து திரும்பி வருகிற மருந்தில், காலாவதியானதும் நல்லதும் சேர்ந்து இருப்பில் ஏறுகிறது. இதுதான் குறை. எடிட்டரைத் திறந்தேன். வந்து இறங்குவது, அலமாரி, வார்டு, திரும்பி வருவது. எல்லாம் அப்படியே நின்றது. கடைசியில் இருந்த ஃபைல் நான் எழுதியதே இல்லை. நான் இல்லாதபோது அவர்கள் இரண்டு பேரும் எழுதியது. ஆனால் எங்கே தேடவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சரிசெய்துவிட்டேன். அண்ணாச்சி நான் எடுத்துக் காட்டிய அச்சைப் புரட்டிப் பார்த்தார். "சரி, அங்கனயே இரு" என்றார். செல்லத்துரைக்கு வேறு நாற்காலி வந்தது.

சாப்பிடும்போது நான் அழுதுவிட்டேன். ஹெப்சி தன் டப்பாவிலிருந்து அவியலை என் பக்கம் தள்ளினாள். "ஆள் பேர்ல இருந்தா, ஆள் போனதும் எல்லாம் பூட்டிக்கிடும்ட்டி. புதுசா ஒருத்தன் வந்து அவன் பேர்ல ஒண்ணு ஆரம்பிப்பான். நீ திரும்பி வந்தா உனக்கு நுழைய வழி இருக்காது. வேலை பேர்ல இருந்தா எப்பம் வேணும்னாலும் வந்து உக்காரலாம்" என்றாள். என் டைரக்டரியை எடுப்பதற்கு எத்தனையோ நாள் முன்பே அவள் தன் டைரக்டரியை எடுத்துவிட்டிருந்தாள். அதை நான் கவனிக்கவே இல்லை.

பிறகு நான் பல வருஷம் அங்கேயே இருந்தேன், பிறகு சென்னைக்கு வந்தேன். அவள் பாளையங்கோட்டையை விட்டு நகரவில்லை. அண்ணாச்சிக்கு முடியாமல் போனதும் செல்லத்துரையோடு சேர்ந்து அவளே கம்பெனியை நடத்தினாள். தனக்கு உடம்பு முடியவில்லை என்பதைக்கூட என்னிடம் சொல்லவில்லை. இதற்காக நான் அவளை மன்னிக்கப் போவதில்லை.

அடக்கம் முடிந்து செல்லத்துரை என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போனான். அவள் பாதியில் விட்ட வேலைகள் இருந்தன. அவள் கம்ப்யூட்டரைத் திறந்து எனக்குக் காட்டினான். "பாருங்கக்கா, ஒண்ணுகூட யார்ட்டயும் கேக்க வேண்டியதில்ல. அப்படி வச்சிருக்காவ" என்றான். அவனுக்கு அதில் பெருமை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏதாவது ஒன்று இடம் மாறிக் கிடக்காதா, ஒரு ஃபைலாவது என்னவென்று விளங்காமல் இருக்காதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் விளங்கியது.

நான் இப்போதும் எந்த ஃபோல்டருக்கும் ஆள் பேர் வைப்பதில்லை. என்னோடு வேலை செய்கிற பெண்கள் பிள்ளை பெறப் போகும்போது, அவர்கள் திரும்பி வந்து உட்கார வசதியாக அவர்கள் வேலையை அடுக்கிவைக்கிறேன். அவளிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான். தான் இல்லாமலும் வேலை நடக்கும்படி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டுப் போயிருக்கிறாள் ஹெப்சி. எனக்கு மட்டும் அப்படி எதுவும் செய்துவைக்கவில்லை.