மூன்றாவது பிள்ளையும் வார்டு மெம்பர் பதவியும்

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது.

அமெரிக்காவில் இருக்கும் பெரிய மகன் அங்கிருந்தே ஆர்டர் போட்டு, அங்கிருந்தே பணம் கட்டி, நகரி பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு அனுப்பி வைத்திருந்தான். வண்டிக்காரர் அதைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்தார். "வாசல் வரைக்கும்தான் சார் டெலிவரி" என்றார். போய்விட்டார்.

நானும் என் மனைவி கஸ்தூரியும் அந்தப் பெட்டியைப் பார்த்தோம். பெட்டி எங்களைப் பார்த்தது. மூன்று பேரில் அதுதான் உயரம்!

எதிர் வீட்டு முனிரத்தினம் தன் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு விசில் அடித்தார். அவ்வளவுதான்... உள்ளேயிருந்து மூன்று மகன்கள் வந்தார்கள். ஒருவன் லுங்கியை மடித்துக் கட்டியபடி, ஒருவன் இட்லியை மென்றபடி, ஒருவன் போனைக் காதில் வைத்தபடி. நான் செருப்பை மாட்டிக்கொள்வதற்குள் ஃபிரிட்ஜ் சமையலறைக்குள் நின்றது.

"வேற எதுனா தூக்கணுமாண்ணா?" என்று கேட்டார் முனிரத்தினம்.

வேறு என்ன தூக்க வேண்டும்? என் வயிற்றெரிச்சலைத்தான் தூக்க வேண்டும். அதற்கு மூன்று பேர் போதாது.

வாங்கித் தர ஒரு பிள்ளை, தூக்கி வைக்க அடுத்தவர் பிள்ளை... இதுதான் இன்றைக்கு எங்கள் பக்கத்துப் பாதி வீடுகளின் கதை.

எனக்கு இரண்டு மகன்கள். பெரியவன் அமெரிக்கா, சின்னவன் ஹைதராபாத். முனிரத்தினத்துக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். பெரியவன் நகரிக்கும் புத்தூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அடுத்தவன் சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலை. கம்பெனி பஸ்ஸே வந்து கூட்டிப் போகும், கொண்டுவந்து விடும். மூன்றாமவன் விசைத்தறி. மூத்த மகளைப் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார். இளையவள் காலேஜுக்குப் போகிறாள். எல்லோரும் கூப்பிடும் தூரம்!

அந்த வீட்டில் சண்டை இல்லையா? உண்டு. காலையில் ஒரே பாத்ரூமுக்கு ஊர்ப்பட்ட பேர் கதவைத் தட்டுவார்கள். "சீக்கிரம் வாடா, பஸ்ஸு போய்டும்டா!" என்ற கத்தல் எங்கள் வீட்டு ஹால் வரை கேட்கும். எங்கள் வீட்டில் இரண்டு பாத்ரூம். தட்டத்தான் ஆள் இல்லை.

அந்தக் கத்தலைக் கேட்டுக்கூட எனக்குப் பொறாமை வரும் என்றால் நம்புவீர்களா?

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இந்த முனிரத்தினத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. முன்னால் நின்று சிரித்தவன் நான்தான். ஆஸ்பத்திரிச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலம். நர்ஸம்மா குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பினாலே முனிரத்தினம் பின்பக்கமாக ஓடிக் கரும்புத் தோட்டத்தில் பதுங்குவார். நான்காவது பிறந்தபோது, "இவன் வூட்டுக்குத் தனியா பஸ்ஸு வுடணும்பா" என்று டீக்கடையில் சொன்னார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இப்போது அவருடைய பிள்ளைக்கு நிஜமாகவே கம்பெனி தனி பஸ் விடுகிறது!

என் கதை வேறு. நான் கணக்குப் போட்டு நிறுத்தியவன். எங்கள் ஆந்திராவில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்றால் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது. எனக்கோ சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், ஆகிவிட வேண்டும் என்று ஆசை. நீங்கள் சிரிப்பது கேட்கிறது... வாரா வாரம் இந்தப் பக்கத்தில் இவ்வளவு எழுதுகிறவன், நேரில் நாலு பேர் நின்றால் வாயைத் திறக்கமாட்டான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத வரும், பேச வராது. ஆனால் பேச வராதவனுக்குத்தானே நாற்காலி மேல் ஆசை அதிகம்? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் பேசுவார்கள், நாம் தலையாட்டினால் போதும்!

இரண்டும் ஆண் பிள்ளைகள். கஸ்தூரி இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்றாள். பெண்ணாகப் பிறக்கும் என்றாள். பெயர்கூட வைத்திருந்தாள். நான் சட்டத்தைச் சொன்னேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? ஒரு முறை எங்கள் ஊர் வேறு பிரிவுக்கு ஒதுக்கீடு. ஒரு முறை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரை எதிர்க்கத் தைரியம் இல்லை. சர்பஞ்ச் ஆசை மெல்லச் சுருங்கி வார்டு மெம்பர் ஆசை ஆனது. அதற்கும் ஒரு முறை பெண்கள் வார்டு என்று வந்து வழியை அடைத்தது. இப்போதுதான், தலை நரைத்த பிறகு, எங்கள் வார்டு பொதுவில் வருகிறது என்றார்கள். மனதுக்குள் மாலையே போட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்!

இனி எத்தனை பிள்ளை இருந்தாலும் நிற்கலாம். அது மட்டுமா? மேடைக்கு மேடை இப்போது, "பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள், ஊரில் கிழவர்களே மிஞ்சுவார்கள் போலிருக்கிறது" என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வருடம் முழுக்க ஒன்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பரீட்சையில் வேறு ஒன்று கேட்பது மாதிரி இல்லையா இது?

போன மாதம் கண் டெஸ்டுக்காகத் திருப்பதிக்குப் போயிருந்தோம். ரேணிகுண்டா தாண்டியதிலிருந்து இரு பக்கமும் அபார்ட்மெண்ட். மலையடிவாரம் அலிபிரியில் கால் வைக்க இடமில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள் கையை உதறிக்கொண்டு ஓட, பின்னாலேயே ஒரு பெரும் கூட்டம் 'கோவிந்தா' போட்டுக்கொண்டு படியேறப் போகிறது. அங்கே பார்த்தால் ஜனத்தொகை வெடித்துவிடும் போலத் தோன்றும். அங்கிருந்து பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்து இறங்குங்கள்... பூட்டிய வீடு, பூட்டிய வீடு, நடுவில் என்னைப் போல இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் வீடு. மாநிலம் வளர்கிறது என்பது உண்மைதான். எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிப் போய் வேறு எங்கோ வளர்கிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபிரிட்ஜ் வந்த இரண்டாம் நாள் காலை, பால் சென்டரில் பேச்சு நடந்தது. எங்கள் பக்கம் தேர்தலுக்கு முன்பே பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஒரே ஆளை நிறுத்தப் பார்ப்பார்கள். அதற்கு 'ஏகக்ரீவம்' என்று தெலுங்கில் பெயர். போட்டி இல்லை, செலவு இல்லை, மனஸ்தாபம் இல்லை. எங்கள் வார்டுக்கு இரண்டு பெயர் அடிபட்டது. நான். முனிரத்தினம்.

பால் சொசைட்டித் தலைவர் தணிகாசலம்தான் பஞ்சாயத்து பேசினார். ஊரில் எல்லோருக்கும் மாமா. "ரெண்டு பேரும் எதிர் எதிர் வூடு. நாளிக்கு மூஞ்சி பாத்து முழிக்கணும். ஒருத்தர் ஒதுங்கிக்கினா நல்லது. இன்னாபா சொல்ற நீ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

முந்தின நாள் முழுக்கக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருந்தேன். சட்டத்தை மதித்தவன், இத்தனை வருடம் காத்திருந்தவன்... எல்லாம் தயார். எழுந்து நின்றேன். செருப்பைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

"தெருவுல ஒரு லைட்டு எரியலன்னா ஓடணும், தண்ணி வரலன்னா ஓடணும்" என்றார் தணிகாசலம். "முனிரத்தினம் வூட்ல ஆளு கீது. உன் வூட்ல யாருபா ஓடுவாங்க? ஃபிரிட்ஜ தூக்கவே அவன் பசங்கதான வந்தானுங்க?"

சிரிப்பு. ஊருக்குள் செய்தி இப்படித்தான் பரவும்.

அப்போது முனிரத்தினம் பேசினார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எதிர்த்து நின்று தோற்கடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"மாமா, அண்ணனுக்கே குடுத்துருங்க" என்றார். "இந்த மெம்பரு வேலைக்குன்னு மூணாவது புள்ளையே வேணாம்னு வுட்டவரு அண்ணன். எனக்கு ஆண்டவன் அஞ்சு குடுத்துக்கீறான். அண்ணனுக்கு இதுவாச்சும் இருந்துட்டுப் போவுதே... பாவம்!"

பாவம்!

கேட்டீர்களா? விட்டுக்கொடுக்கிறாராம்! கை நிறைய இருக்கிறவனுக்குத்தானே விட்டுக்கொடுக்க வருகிறது? பிள்ளையிலும் அவர் பணக்காரர், மனசிலும் அவர் பணக்காரர். இரண்டாவதிலாவது என்னை முந்தவிட்டிருக்கக் கூடாதா? நான் ஆயுசு முழுக்க ஆசைப்பட்ட பதவி, தட்டில் வைத்து, மேலே கொஞ்சம் இரக்கமும் தூவி வருகிறது. உதறித் தள்ள ரோஷம் வந்தது. ஆனால் கை...? கை நீளத்தான் பார்த்தது. ஆசை அப்படி.

"அப்போ இன்னா, முடிச்சிக்கலாமா?" என்றார் தணிகாசலம்.

"நில்லு மாமா."

பால் ஊற்ற வந்த வரிசையிலிருந்து ஒரு குரல். திரும்பினேன். கஸ்தூரி! கையில் பால் கேன். நாங்கள் பேசியது முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"புள்ளைய வுட்டுக்குடுத்ததுக்குப் பதவின்னா, அத இவருக்கு இன்னாத்துக்குக் குடுக்குறீங்க?" என்றாள். "ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தது நானு. கத்தி பட்டது என் வயித்துல. பொண்ணு வேணும்னு கேட்டது நானு, வேணாம்னு மனச ஆத்திக்கினது நானு. மெம்பரு மட்டும் அவுரா?"

"அது இல்லம்மா கஸ்தூரி..." என்று இழுத்தார் தணிகாசலம்.

"இன்னும் கேளு மாமா. பொம்பள வார்டுன்னு வந்துச்சே, அன்னிக்கு இவரு வந்து, 'போச்சு, நம்ம வார்டு போச்சு'ன்னு கவுந்து படுத்துக்கினாரு. சோறு துன்னல. பக்கத்துல ஒரு பொம்பள குந்திக்கினு கீறாளே, அவள நிக்க வெக்கலாமேன்னு தோணவே இல்ல இவருக்கு!"

இந்த முறை வந்த சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரியது. வரிசையில் நின்ற பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அதில் ஒருத்தி கையையும் தட்டினாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். உண்மையாகவே, சத்தியமாகவே, அந்த யோசனை எனக்கு இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. 'நான் நிறுத்தினேன், நான் காத்திருந்தேன்' என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? நிறுத்தியது என்னவோ நான்தான். அதற்காகப் போய்ப் படுத்தது அவள். இந்த வித்தியாசம் ஒரு சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஒரு மேடையிலும் யாரும் பேசிக் கேட்டதில்லை. 'குறைவாகப் பெறு' என்று அன்றைக்குச் சொன்னவர்களும் ஆண்கள். 'அதிகமாகப் பெறு' என்று இன்றைக்குச் சொல்கிறவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தானே? நடுவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் யார் படுத்தார்கள், யார் படுக்கப் போகிறார்கள் என்று கேட்க ஒரு பால் கேன் வேண்டியிருக்கிறது.

முனிரத்தினம்தான் முதலில் எழுந்தார். இதிலும் அவர்தான் முதல்! "அண்ணி நின்னா எங்க வூட்டு ஓட்டு பூரா அண்ணிக்கு" என்றார். "போட்டியே இல்லன்றப்ப ஓட்டு எதுக்குய்யா?" என்று தணிகாசலம் அதட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"இன்னாபா? நீ ஒண்ணும் சொல்லலியே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கஸ்தூரி மட்டும் பார்க்கவில்லை. அவள் பால் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகித் திருகித் திறந்து, மறுபடி மூடினாள். அவளும் கூச்சக்காரிதான். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரி" என்றேன்.

அந்தக் கூட்டத்தில் நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான். நன்றாகப் பேசினேன் என்று பிறகு இரண்டு பேர் சொன்னார்கள்.

திரும்பும்போது காலி பால் கேனை நான் வாங்கிக்கொண்டேன். அவள் முன்னால் நடந்தாள். வழியில் நின்று, ஒரு வீட்டு வாசலில் உடைந்திருந்த சாக்கடைக் கல்லைக் குனிந்து பார்த்தாள். பத்து வருடமாக நான் தாண்டிப் போகிற கல் அது. அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து, "கஸ்தூரிக்கா, இத முதல்ல பாருக்கா" என்றாள். இன்னும் நாமினேஷனே போடவில்லை!

நேற்று காலையிலிருந்து எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு ஆட்கள் வருகிறார்கள். என்னைப் பார்த்ததும், "அக்கா இல்லியா?" என்கிறார்கள். இருக்கிறாள் என்று சொல்லி உள்ளே கூப்பிடுகிறேன். நாற்காலி எடுத்துப் போடுகிறேன். ஹாலில் அவள் பேசுகிறாள், அவர்கள் கேட்கிறார்கள், சிரிக்கிறார்கள். வீடு நிறைந்து கிடக்கிறது. நான் சமையலறையில் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டே காதை மட்டும் அந்தப் பக்கம் நீட்டுகிறேன்.

இத்தனை வருடமாகப் பொறாமைப்படுவதற்கு எதிர் வீட்டை எட்டி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அந்த அலைச்சல் இல்லை... வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது!