லிண்டல் இல்லாத வீடு

மூத்தவள் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பாயா ரும்புட் கிராமத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வாடகைக்கு இருந்தது ஒரு பழைய செங்கல் வீடு. மர ஜன்னல்களைக் கறையான் தின்றிருந்தது. மழை வந்தால் கட்டில்வரை சாரல் அடிக்கும். பிள்ளைக்குச் சளி பிடித்ததும் ஜன்னல்களை மாற்ற என் வீட்டுக்காரர் ஒரு சீனத் தச்சரை ஏற்பாடு செய்தார்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் அது. தச்சரின் குடும்பத்தைக் காட்டோரத்திலிருந்து கிளப்பி, முள்வேலி போட்ட புதுக்கிராமத்தில் குடிவைத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு அதன் கேட்டை மூடிவிடுவார்கள். பிந்தி வருகிறவன்மேல் போலீசுக்குச் சந்தேகம் வரும். பள்ளிக்கூட வாத்தியாரான என் வீட்டுக்காரர் எதற்கும் பயப்படுகிறவர்.

"அந்தாளுகிட்ட ரொம்பப் பேச்சு வச்சிக்காதே. நாளைக்கு யாராவது வந்து கேட்டா நமக்குத்தான் வம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணி இருக்கும். தச்சர் என் அறை ஜன்னல் சட்டத்தை நெம்பி எடுத்தார். மேலேயிருந்து இரண்டு செங்கல் விழுந்தது. அண்ணாந்து பார்த்தவரின் முகம் மாறிவிட்டது.

"அம்மா, புள்ள தூக்கு! வெளிய போ!" ரப்பர் தோட்டத்து வேலையில் பழகிய தமிழ்.

பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினேன். பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்க ஒரு லிண்டல் இருக்க வேண்டும். வீட்டைக் கட்டியவர்கள் அதை வைக்கவே இல்லை. அந்த உளுத்த சட்டம்தான் இத்தனை வருஷமும் சுவரைச் சுமந்திருக்கிறது.

தச்சர் மறுபடி உள்ளே போனார். என் கட்டிலைப் பிரித்து, அதன் சட்டங்களை அறுத்து முட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

ஐந்து மணிக்கு வாசலில் நின்று சொன்னேன்: "நேரமாச்சு, நீங்க போங்க. கேட்டு மூடிருவாங்க."

"நான் போனா சுவர் விழும், கூரை விழும். நீ புள்ள வச்சி எங்க தூங்கும்?"

வேலை முடிந்தபோது ஆறு தாண்டிவிட்டது. அப்போதுதான் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார்.

"இவரக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வாங்க. ஏன் லேட்டுன்னு சொல்லுங்க" என்றேன்.

"நானா? நமக்கெதுக்கு..."

அவரை உள்ளே அழைத்துப் போனேன். தரையில் பிள்ளை படுத்திருந்த துணிமேல் நாலைந்து செங்கல் கிடந்தது. குனிந்து ஒரு செங்கலை எடுத்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து சைக்கிளைத் திருப்பினார்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். கேட்டுக் காவல்காரன் முதலில் நம்பவில்லையாம். "எம் புள்ளையக் காப்பாத்தத்தான் நின்னாரு. சந்தேகம்னா என்னையும் புடிச்சு வைங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். தச்சரை உள்ளே விட்டார்கள். ஆனால் ஒரு வாரம் வெளியே வரக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள்.

அந்த ஒரு வாரமும் நாங்கள் அடுப்படியில் படுத்தோம். என்னால் ஒரு மனிதனின் பிழைப்பு போயிற்றே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் காலை தச்சர் வந்தார். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மற்ற ஐந்து ஜன்னல்களுக்கு மேலேயும் தட்டிப் பார்த்து, "எல்லாம் லிண்டல் இல்ல" என்று தலையை ஆட்டினார். பிறகு ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்து, கம்பி கட்டி, சிமெண்டில் லிண்டல் போட்டு, அதன்பிறகே புது ஜன்னலை வைத்தார்.

வேலை முடிய இரண்டு மாதம் ஆனது. தினமும் நாலரைக்கு என் வீட்டுக்காரரே அவருடைய உளிகளை எடுத்துப் பையில் போட்டு, "போதும்லா, கிளம்புங்க" என்பார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் சைக்கிள் மிதித்து கேட்டுவரை போவார்கள்.