குடிலின் வாசலில் காட்டெருமை

குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டிய வீட்டில் இருக்கிறார் மெட்டில்டா. பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்தவர். குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்த கணவர் கொர்னேலியஸுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் ஓய்ந்துபோனதும், அவரைப் பார்த்துக்கொள்ளத் தன் வேலையை விட்டுவிட்டார். வீட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாய்களை வளைத்து, பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி ஒரு சின்னப் பசுமைக்குடில் போட்டது அதற்குப் பிறகுதான். உள்ளேயிருந்த வெதுவெதுப்பு கொர்னேலியஸின் மரத்த கைக்கு இதமாக இருந்தது. மெட்டில்டா தக்காளிக்குக் கயிறு கட்டுவார். கொர்னேலியஸ் நாற்காலியில் உட்கார்ந்து எந்தக் காய் பறிக்கப் பதம் என்று சொல்வார். சில நாள் அதிலேயே சண்டையும் வரும்.

மே மாதக் கடைசி. மேற்கே கருமேகம் திரண்டு திரண்டு கலைந்துகொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டால் ஈரத்தில் குடைமிளகாய் அழுகிவிடும் என்று, சிவந்ததையெல்லாம் காம்போடு நறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார் மெட்டில்டா. புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். கொர்னேலியஸ் பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சட்டென்று உள்ளே வெளிச்சம் குறைந்தது. மேகம் என்று நினைத்துத் திரும்பினார். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு காட்டெருமை நின்றது.

அது கதவோரத்து பீன்ஸ் கொடியைக் கவ்வி இழுத்தது. கூரைக் குழாய்கள் மொத்தமும் அதிர்ந்தன.

“அசையாதீங்க,” என்றார் மெட்டில்டா, உதடு பிரியாமல்.

“என்னால ஓட முடியாது. பின்னால விரிப்பக் கிழிச்சுட்டு நீ போயிரு.”

“சும்மா இருங்க.”

காற்றுக்காகப் பக்கவாட்டில் கட்டியிருந்த வலை வழியே பார்த்தால், மேல்ரோட்டில் பக்கத்து வீட்டு ரவிச்சந்திரன் தகர டின்னும் குச்சியுமாக நின்றிருந்தார். தட்டினால் எருமை மிரண்டு உள்ளேதான் பாயும். வேண்டாம் என்று மெட்டில்டா கையை ஆட்டினார். புரிந்துகொண்ட அவர் டின்னைக் கீழே வைத்துவிட்டு, தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து குடிலின் பின்பக்கம் வந்தார்.

மெட்டில்டா காய் நறுக்கிய கத்தரிக்கோலாலேயே பின்பக்க விரிப்பைக் கிழித்தார். சர்ரென்ற சத்தம். எருமை தலையைத் தூக்கியது. சீறி மூச்சு விட்டு ஒரு காலை உள்ளே வைத்தது. தொட்டி ஒன்று நொறுங்கியது. அவர் அப்படியே நின்றார். அது மறுபடி கொடிக்குக் குனிந்ததும் மீதியைக் கிழித்து, கணவரின் கையைத் தன் கழுத்தில் போட்டுத் தூக்கினார்.

“அக்கா, அண்ணன எங்கிட்ட விடுங்க,” என்று வெளியிலிருந்து கிசுகிசுத்தார் ரவிச்சந்திரன்.

பாதி உடம்பு வெளியே போனபோது கொர்னேலியஸின் இடது கால் சொட்டுநீர்க் குழாயில் சிக்கிக்கொண்டது. மெட்டில்டா எருமைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து குழாயை விலக்கினார். அதன் மூச்சுச் சத்தம் பிடரிக்குப் பின்னால் கேட்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மூவரும் ரவிச்சந்திரன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு, எருமை பீன்ஸை முழுக்கத் தின்றுவிட்டு, கொம்பில் மாட்டிய விரிப்பைக் கிழித்துக்கொண்டு சரிவில் இறங்கியது.

ரவிச்சந்திரனின் மனைவி வனிதா கொடுத்த டீயை மெட்டில்டா குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“ஏனுங்க, இன்னொரு தடவ என்ன மட்டும் போகச் சொன்னீங்கன்னா…” என்று ஆரம்பித்தார். கொர்னேலியஸ் வலது கையால் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பறிக்காமல் விட்ட காயில் பாதி அழுகியது. வெயில் திரும்பியதும் புது விரிப்பு போட்டார்கள். பின்பக்கம் ஒரு கதவும் வைத்தார்கள். வேலைக்கு வந்த ஆசாரியிடம் கொர்னேலியஸ் சொன்னது ஒன்றுதான்: “அகலமா வைங்க. ரெண்டு பேரும் சேந்து வெளிய வரணும்.”