ஆபரேஷன் வேண்டாத தோள்

போத்தனூரில் ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்தபோது விழுந்தேன். ஸ்கூட்டர் ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தது. ஊன்றியிருந்த கால் ஜல்லியில் வழுக்க, வலது தோள் தரையில் இடித்தது. தூக்கிவிட்டவர், "ஏனுங்க, பார்த்து ஓட்டக் கூடாதுங்களா?" என்றார். ஓட்டியிருந்தால் விழுந்திருக்க மாட்டேன் என்று விளக்கும் நிலையில் நான் இல்லை.

கழுத்தடியிலிருந்து தோளுக்கு வரும் காறை எலும்பின் நுனி தோள்மேல் நெல்லிக்காய் அளவுக்கு எழும்பியிருந்தது. எலும்பு டாக்டர் விரலால் அமுக்கினார், இறங்கியது. விரலை எடுத்தார், ஆர்மோனியக் கட்டைபோல மேலே வந்தது. சத்தம் மட்டும் என்னுடையது. வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் இடது தோளைத் தொடச் சொன்னார். உயிர் போனது.

இரண்டு தோளையும் எக்ஸ்ரேயில் ஒப்பிட்டுப் பார்த்தார். "எலும்பைப் பிடிச்சிருந்த தசைநார் அறுந்துபோச்சுங்க. மூணாவது கிரேடு."

எனக்குள் ஒரு சந்தோஷம். மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு போன மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. சண்டையெல்லாம் இல்லை. ரயில்களும் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன. சளி, காய்ச்சலுக்கு ஒருத்தியை வரவழைக்க முடியாது. ஆபரேஷன் என்றால் வந்துதானே ஆகவேண்டும்?

"ஆபரேஷன் எப்பங்க டாக்டர்?"

"அது தேவைப்படாதுங்க. மூணு வாரம் கையைத் தொங்கல் பட்டையில போட்டுக்குங்க. அப்புறம் பிசியோதெரபி. மேடு அப்படியே இருக்கும், வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"செஞ்சுபோட்டா இன்னும் உறுதியா இருக்குமில்லீங்க?"

"என்ன சார், எல்லாரும் வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிடுவாங்க. நீங்க கேட்டு வாங்கறீங்க! கும்பிடறதுக்கே உங்களுக்கு மூணு வாரம் ஆகும்."

வீட்டுக்கு வந்து மனைவியைப் போனில் அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"ஆபரேஷன் இல்லீன்னு சொல்லிட்டாருங்களா? அப்பாடா! நான் பயந்தே போயிட்டனுங்க. சட்டை எப்படிப் போடுவீங்க?"

"அதெல்லாம் போட்டுக்குவேன்."

"நான் வேணா வரட்டுங்களா?"

அந்தப் பக்கம் பேரன் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எதுக்கு? பெரிய அடியெல்லாம் இல்லை."

"சரீங்க. ஐஸ் வையுங்க."

சட்டையைக் கழற்றும்போது அடிபட்ட கை கடைசியில்தான் வரவேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நல்ல கையை உருவினேன். மீதிச் சட்டை முதுகில் சுருண்டு, வியர்வையில் ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து யாராவது லேசாக இழுத்தால் போதும். கொஞ்ச நேரம் அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு மறுபடியும் அவளை அழைத்தேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை. ஐஸ் எவ்வளவு நேரம் வைக்கறது?"

"பதினஞ்சு நிமிஷம் வையுங்க" என்றாள். டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார்.