ஆளில்லாமல் பின்னால் வந்த ஜீப்

எங்கள் அத்தான் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பியவர். அதன் பிறகு ஒரு மில்லில் லாரிகளைப் பார்த்துக்கொண்டார். அறுபது வயதில் அதையும் விட்டதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்துபோன பழைய வேன் ஒன்றை வாங்கி வந்து வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிறுத்தினார். எட்டு மாதத்தில் அது வீடாகிவிட்டது. இரண்டு பேர் படுக்கக் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மூலையில் சின்னக் கழிப்பறை. அக்காவை ஊர் ஊராகக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க இரண்டு பிள்ளைகளையும் மாமனார் மாமியாரையும் அக்கா ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். அவர் இருந்த இடங்களைக் கடிதத்தில் படித்ததோடு சரி.

வேன் தயாரானதும் அக்கா உள்ளே ஏறி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் போன ஊரில் காய்கறி வாங்கப் போவதென்றாலும் வீட்டையே கிளப்பிக்கொண்டா போவது என்று கேட்டாள். அத்தான் ஒரு வாரம் யோசித்தார். பிறகு மலையடிவாரத் தோப்பு ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த குட்டி ஜீப்பை வாங்கி வந்தார். சேறு, மணல், ஓடை எதிலும் ஏறி இறங்குகிற வண்டி. முக்கோண வடிவில் ஒரு இரும்புச் சட்டம் செய்து, அதை வைத்து ஜீப்பை வேனுக்குப் பின்னால் மாட்டினார். டிரெய்லர் எதுவும் கிடையாது. ஜீப்பின் நாலு சக்கரமும் தரையிலேயே உருண்டு வரும்.

அந்த ஜீப்பை யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது, தான்தான் என்று அக்கா சொல்லிவிட்டாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தடவை டெஸ்டில் தோற்று, இரண்டாம் தடவையில் லைசென்ஸ் வாங்கினாள். ஜீப்பை மாட்டும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். மெயின் கியரும் நாலு சக்கரத்துக்கான சின்னக் கியரும் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இறக்கியாச்சு, ஸ்டியரிங் பூட்டு திறந்தாச்சு, சட்டத்தை வேனோடு பூட்டும் இரும்புப் பின், சங்கிலி, ஜீப்பின் பின்பக்க லைட்டுக்கான வயர். ஒவ்வொன்றையும் கையால் தொட்டு வாய்விட்டுச் சொல்வாள். ஒன்று விட்டுப்போனதாகச் சந்தேகம் வந்தாலும் முதலிலிருந்து தொடங்குவாள். அத்தான் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி காத்திருப்பார்.

முதல் பயணம் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி வ. புதுப்பட்டிக்கு. அத்தானோடு பட்டாளத்தில் இருந்த நண்பருக்கு அங்கே தென்னந்தோப்பு இருக்கிறது. என் தையல் கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டு நானும் கிளம்பினேன். வேன் நகர்ந்ததுமே வேடிக்கை தொடங்கிவிட்டது. பைக்கில் எங்களை முந்தியவர்கள் எல்லாரும் பின்னால் கை காட்டிக் கத்தினார்கள். ஜீப்பில் ஆளே இல்லையாம். முதல் நாலைந்து பேருக்கு அத்தான் விளக்கம் சொன்னார். பிறகு கும்பிடு போடுவதோடு நிறுத்திக்கொண்டார்.

அன்று கார்த்திகை சோமவாரம். மடவார் வளாகம் கோயிலுக்குக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் முன்பே ஒரு பெண் போலீஸ் எங்களை நிறுத்தினார்.

"நல்லா ஓடுற வண்டிய எதுக்கு ஐயா கட்டி இழுக்கீங்க?"

அத்தான் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவரும் பொறுமையாகவே கேட்டார். ஆனால் இந்தக் கூட்டத்துக்குள் இவ்வளவு நீளத்துக்கு விட முடியாது, கழற்றித் தனித்தனியாகக் கொண்டுபோங்கள் என்றார்.

அத்தான் வேனை ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்தினார். வேன் சாய்ந்து நிற்க, ஜீப் தார் ரோட்டின் விளிம்பில் கோணலாக நின்றுவிட்டது. சட்டத்தைப் பூட்டியிருந்த இரும்புப் பின் இறுகிக்கொண்டது. அத்தான் சுத்தியலால் தட்டினார், அசையவில்லை. அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். வேனைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் கழன்றுவிடும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

"ரிவர்ஸ் எடுக்காதீய," என்றாள் அக்கா. "ஜீப்போட முன் வீல் மடிஞ்சி சட்டம் வளைஞ்சிரும்."

அவள் ஜீப்பில் ஏறி எஞ்சினைப் போட்டாள். கியரை மாற்றி, கிளட்சை மெல்ல மெல்ல விட்டாள். ஜீப் ஒரு விரற்கடை முன்னால் வந்தது. சட்டத்தில் இருந்த விறைப்பு தளர்வது எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது. தட்டுங்க என்றாள். அத்தான் ஒரே தட்டுத் தட்டினார். அந்தப் பின் கையோடு வந்துவிட்டது. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னவர்கள் குனிந்து சட்டத்தைப் பார்த்தார்கள். அத்தான் மட்டும் துணியில் கையைத் துடைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் போலீஸ், இவரா ஓட்டப்போகிறார் என்று கேட்டார். அக்கா பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கி வழி விட்டார்.

அதுவரை அக்கா காலி மைதானத்திலும் ஆள் நடமாட்டம் இல்லாத ரோடுகளிலும்தான் ஓட்டியிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு முன்னால் இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, கம்பிய விடு. நீ பயந்தா எனக்கும் பயம் வந்துரும்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பும்போது எஞ்சின் அணைந்து ஜீப் நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சாவியைத் திருப்பி, முதல் கியர் போட்டு நகர்ந்தாள்.  

ஊரைத் தாண்டியதும் அத்தான் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தார். மறுபடி மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம், நான் பின்னாலேயே வாரேன் என்றாள். வேன் கிளம்பி, ஓரத்து மண்ணைக் கிளப்பிக்கொண்டு ரோட்டில் ஏறியது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் பேசினாள்.

"அவிய ஒரு லெட்டர்ல எழுதிருந்தாக. முன்னாடி போற வண்டியோட தூசிய மட்டும் பாத்துக்கிட்டே அம்புட்டு மலையும் ஏறுனேன்னு. அது எப்பிடி இருக்கும்னு நான் ரொம்ப நாளா நெனைச்சிருக்கேன்."

 இருபத்திரண்டு வருடமும் நான் அதே தெருவில்தான் இருந்தேன். அவள் அப்படி எதையும் நினைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தோப்புக்குப் போகிற மண்பாதையில் ஓர் ஓடை குறுக்கே ஓடியது. முந்தின நாள் மழையில் தண்ணீர் கூடியிருந்தது. வேனை இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு அத்தானும் ஜீப்புக்கு மாறினார். டிரைவர் பக்கம் போகவில்லை, நேராகப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். அக்கா சேலையைத் தூக்கிச் செருகி, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு அக்கரை வரை நடந்து பார்த்தாள். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். திரும்பி வந்து, குறைந்த கியரில் போட்டு, நடுவில் எங்கும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் ஒரே சீராக ஓட்டினாள். ஜீப் ஆடி ஆடி அக்கரை ஏறியது. பட்டாளத்துப் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தனக்கு மாதக்கணக்கானது என்று அத்தான் அன்று சாப்பிடும்போது நண்பரிடம் சொன்னார். அக்கா காதில் விழாத மாதிரி ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

இப்போது இரண்டு பேரும் மாதக்கணக்கில் வெளியே இருக்கிறார்கள். ஊருக்குள் நுழையும் முன் அக்கா இறங்கி ஜீப்பைக் கழற்றிக்கொள்வாளாம். போன மாதம் ராஜஸ்தானிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். அத்தான் முதன்முதலில் வேலை பார்த்த ஊருக்குப் பக்கத்து மணல்காடு. மேட்டுக்குக் கீழே ஜீப் நிற்கிறது. அத்தான் இடது பக்கக் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, போகலாம் என்பது போல, வீடியோ எடுக்கும் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். பிளவுஸ் தைக்க வருகிறவர்களிடமெல்லாம் அளவு எடுக்கும் முன் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.